பக்கத்து பிளாக்கில் டிடிஎஸ் பாதியானது கருவியாலா, மழையாலா? பொதுக்குழுவில் எப்படிக் கேட்பது?

மூன்றாவது_மாடி (பிப்ரவரி 2025)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பு மடிப்பாக்கத்தில் இருக்கிறது. 30 வீடுகள், ஒரு போர்வெல். தண்ணீர் கடும் உப்பு, அதாவது டிடிஎஸ் (ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) மிக அதிகம். குழாய் முனையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும், ஷவர் துளைகளைக் குண்டூசியால் குத்தித்தான் திறக்க வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. தண்ணீர் நன்றாக வேண்டும் என்ற ஆசை மற்றவர்களைப் போலவே எனக்கும் உண்டு.

சங்கச் செயலாளர் போன வாரம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதில் இருப்பதைச் சுருக்கித் தருகிறேன்.

"அதே தெருவில் உள்ள அடுத்த பிளாக்கில் (24 வீடுகள்) சென்ற செப்டம்பரில் மோட்டார் குழாயில் ஒரு காந்தக் கருவி பொருத்தினார்கள். ஆகஸ்டில் 1,740 ஆக இருந்த டிடிஎஸ் ஜனவரியில் 860 ஆகிவிட்டது. அதாவது பாதிக்கு மேல் குறைவு. அங்கே எடுத்த கருத்துக்கணிப்பில் 89 சதவீதம் பேர் நல்ல முன்னேற்றம் என்று சொல்லியிருக்கிறார்கள். முந்தைய வருடம் மூன்று வீடுகளில் கீசர் காயில் எரிந்துபோனது. கருவி வந்த பிறகு ஒன்றுகூட எரியவில்லை. ஒரே தெரு, ஒரே நிலத்தடி நீர் என்பதால் நமக்கும் இதே பலன் கிடைக்கும். செலவு 1,80,000 ரூபாய், வீட்டுக்கு 6,000. இரண்டே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றுவோம்."

படித்தவுடன் எனக்கு ஏதோ இடித்தது. ஆனால் எங்கே என்று சுட்டிக்காட்டத் தெரியவில்லை. எண்கள் இருக்கின்றன, எதிரிலேயே ஒரு கட்டடம் சாட்சியாக நிற்கிறது. "எனக்கென்னவோ சரியாகப் படவில்லை" என்று கூட்டத்தில் சொன்னால், ஆறாயிரம் ரூபாய் கொடுக்க மனமில்லாமல் பேசுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். செயலாளர் நல்ல மனிதர். 2019 கோடையில் ராத்திரி பதினொரு மணிக்குத் தெருமுனையில் நின்று லாரியை மடக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். அவரைக் காயப்படுத்தாமல், ஆனால் கேட்க வேண்டியதை விடாமல் கேட்க வேண்டும். அந்த கருத்துக்கணிப்பை விசாரித்தேன். வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட கேள்விக்கு 9 பேர் பதில் சொன்னார்களாம், அதில் 8 பேர் நன்றாக இருக்கிறது என்றார்களாம்.

இந்த வாதத்தில் எது நிற்கிறது, எது நிற்காது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உப்புக்கணக்கு

அம்மா, நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி "முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு" காகிதங்களைப் பார்த்துப் பார்த்தே காலம் போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் காகிதம் வந்தால் நான் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை, தேதியைப் பார்ப்பேன். ஒன்று ஆகஸ்ட், மற்றொன்று ஜனவரி. இரண்டுக்கும் நடுவில் சென்னையில் என்ன நடந்தது? வடகிழக்குப் பருவமழை. அதுவும் 2024-ல் சாதாரண மழை இல்லை. அக்டோபர் நடுவில் கொட்டிய மழைக்கு உங்கள் பக்கத்து வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரை வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்களே, மறந்துவிட்டதா? நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். ஆகஸ்ட் என்பது நிலத்தடி நீர் தாழ்ந்து உப்பு ஏறியிருக்கும் நேரம். ஜனவரியில் புது மழைநீர் உள்ளே இறங்கிப் பழைய உப்பை நீர்க்கச் செய்திருக்கும். எந்தக் கருவியும் இல்லாத கிணற்றில்கூட இந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவே டிடிஎஸ் இறங்குவது சென்னையில் வழக்கம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் காக்கை உட்கார்ந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. இங்கேயும் கருவி பொருத்தியது உண்மை, டிடிஎஸ் இறங்கியதும் உண்மையாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற கயிறுதான் சுற்றறிக்கையில் காணோம். "இடையில் வேறு எதுவும் மாறவில்லை" என்பது அதில் எழுதப்படாத ஒரு வரி. எழுதியிருந்தால் படித்த எவரும் உடனே "மழை பெய்ததே" என்றிருப்பார்கள். எழுதாமல் விட்டதால்தான் அது யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்து, அளந்த விதம். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. தோராயத்துக்கு அது போதும். ஆனால் அந்தத் தண்ணீரை எங்கே பிடித்தார்கள்? போர்வெல் வாயிலா, சம்ப்பிலா, சமையலறைக் குழாயிலா? சம்ப்பில் பிடித்திருந்தால் அதில் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ கலந்திருக்கலாம். ஆகஸ்டில் போர்வெல் வாயிலும் ஜனவரியில் சம்ப்பிலும் பிடித்திருந்தால் கதையே வேறு. இதைக் கேளுங்கள். கேட்பதில் யாருக்கும் அவமானம் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இந்த வகைக் கருவி குழாயைச் சுற்றி வெளியே மாட்டுவது. உப்பு மூட்டை போட வேண்டியதில்லை, கழிவுக் குழாயும் கிடையாது. சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) வைத்தால் அவ்வப்போது உப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். ஆர்ஓ வைத்தால் உப்பு மிகுந்த கழிவு நீர் ஒரு குழாயில் தனியாக வெளியேறும். இந்தக் கருவியில் எதுவும் வெளியேறுவதில்லை. சரி, கணக்குப் போடுங்கள். 1,740-லிருந்து 860 என்றால் லிட்டருக்கு 880 மில்லிகிராம் குறைவு. 24 வீடுகளுக்கு ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்தரைக் கிலோ உப்பு. தினமும் பத்தரைக் கிலோ! அது எங்கே போகிறது? குழாய்க்குள்ளேயே தங்கினால் ஒரு மாதத்தில் குழாய் அடைத்துப் போகும். வெளியேயும் போகவில்லை. அப்படியானால் அந்த உப்பைக் கருவி எடுக்கவில்லை. நிலத்திலிருந்து வந்த தண்ணீரிலேயே அது குறைவாக இருந்திருக்கிறது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இவற்றை விற்பவர்களில் பலர் டிடிஎஸ் குறையும் என்று சொல்வதே இல்லை. சுண்ணாம்பு கெட்டியாக ஒட்டாமல் தூளாகப் போகும் என்பதுதான் அவர்கள் பேச்சு. அதற்கான ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஆகவே டிடிஎஸ் குறையவில்லை என்று காட்டிவிட்டால் கருவி பயனற்றது என்று நிரூபித்ததாகாது. நீங்கள் காட்டப்போவது, சுற்றறிக்கை தந்த ஆதாரம் அது சொல்லும் முடிவைத் தாங்கவில்லை என்பதை மட்டும்தான். கூட்டத்தில் இந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். "கருவி ஏமாற்று வேலை" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும்.

கீசர் காயில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வருடத்துக்கு மூன்று எரியும் இடத்தில் நாலைந்து மாதம் ஒன்றும் எரியாமல் இருப்பது சாதாரணம். எரிந்த மூன்றும் உப்பால்தான் எரிந்தனவா, எத்தனை வருடம் பழையவை என்றும் யாருக்கும் தெரியாது. 89 சதவீதமும் அப்படித்தான். 24 வீட்டில் 15 வீடு வாய் திறக்கவில்லை. பணம் கட்டியவர்களைப் "பலன் உண்டா?" என்று எல்லோரும் பார்க்கும் குழுவிலேயே கேட்டால் என்ன பதில் வரும்? ஒன்பது பேர் என்று எழுதாமல் சதவீதமாக எழுதியதுதான் அந்த எண்ணுக்கு அவ்வளவு கம்பீரத்தைக் கொடுத்திருக்கிறது.

---

மாக்_டெஸ்ட்_மாணவன்

அண்ணா நகரில் ஜிமேட்டுக்குப் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் வாதங்களை அலசும் கிரிட்டிகல் ரீசனிங் பகுதி முழுக்க இதே மாதிரிதான். மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்விலும் 2023 செப்டம்பர் வரை, ஒரு ஓட்டை வாதத்தைக் கொடுத்து அதன் அனுமானங்களை அலசிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். தேர்வைச் சுருக்கியபோது அதை எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கவே கூடாது என்பது என் கருத்து. அந்த ஒரு கட்டுரைக்குப் படித்ததுதான் எங்கள் வீட்டுப் பேச்சுகளில் எனக்கு உருப்படியாக உதவுகிறது.

அக்கா, ஒரு வழி சொல்கிறேன். சுற்றறிக்கையில் எழுதாமல் விட்ட வரி ஒவ்வொன்றையும் நீங்களே எழுதுங்கள். பிறகு அதை மறுத்துப் பாருங்கள். மறுத்தவுடன் முடிவு சரிந்தால் அந்த அனுமானம் தூண். மறுத்தும் முடிவு நின்றால் அது வெறும் அலங்காரம், அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"பதில் சொன்ன ஒன்பது பேரும் அந்த பிளாக்கின் எல்லா வீட்டுக்கும் பிரதிநிதிகள்" என்பதை மறுங்கள். வாதம் பலவீனமாகிறது, ஆனால் விழவில்லை. டிடிஎஸ் எண் இருக்கிறதே என்பார்கள். "கருவி இல்லாவிட்டால் டிடிஎஸ் குறைந்திருக்காது" என்பதை மறுங்கள். மொத்தமும் விழுகிறது. கூட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தையும் இந்தத் தூணுக்கே செலவழியுங்கள். எல்லாக் குறையையும் அடுக்கினால், அதில் சின்னதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. "இரண்டு வருடத்தில் பணம் திரும்பும்" என்பதற்கு, ஒரு வீட்டில் வருடத்துக்கு 3,000 ரூபாய் மிச்சமாக வேண்டும். 24 வீட்டில் மூன்று காயில் எரிந்த கணக்கை வைத்துப் பார்த்தால், எட்டு வீட்டுக்கு ஒன்று. காயில் மாற்ற என்ன செலவாகும் என்று உங்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். எட்டு வீட்டுக்கு 24,000 மிச்சமாக அந்த ஒரு காயில் போதுமா என்று பார்த்துவிடலாம்.

---

மூன்றாவது_மாடி

இரண்டு பேருக்கும் நன்றி. உப்புக்கணக்கு ஐயா சொன்ன பருவமழையைப் படித்ததும் எழுந்து சமையலறைக்குப் போனேன். எங்கள் வீட்டு ஆர்ஓ பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சர்வீஸ் அட்டை தொங்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கேறி ஓரம் மடிந்த மஞ்சள் அட்டை. சர்வீஸுக்கு வரும் தம்பி ஒவ்வொரு தடவையும் உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும், வெளியே வருவதையும் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இத்தனை நாளும் அதை யாரும் படித்ததில்லை.

செப்டம்பர் 2024: உள்ளே 1,580. ஜனவரி 2025: உள்ளே 790.

எங்கள் பிளாக்கில் எந்தக் கருவியும் கிடையாது. புதிதாக எதுவும் செய்யவில்லை. மோட்டார்கூட அதே பழைய மோட்டார். எங்களுக்கு மெட்ரோ இணைப்பு இல்லை, இந்த இரண்டு மாதங்களிலும் லாரியும் வாங்கவில்லை. இதை அப்படியே கூட்டத்தில் காட்டலாமா? ஒரு வீட்டு அட்டை போதுமா?

---

உப்புக்கணக்கு

அம்மா, அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பெறுமானமுள்ள காகிதம் அதுதான்.

ஒரு வீடு போதுமா என்று கேட்டது நல்ல கேள்வி. போதாது. உங்கள் பிளாக்கில் ஆர்ஓ வைத்திருக்கும் மற்ற வீடுகளிலும் இதே மாதிரி அட்டை இருக்கும். நாலைந்து வீடுகளின் அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு கம்பெனி ஆட்கள், வேறு வேறு மீட்டர் என்றால் இன்னும் நல்லது. உங்கள் எண்ணுக்கு எதிராகச் சொல்லும் அட்டை ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்தே காட்டுங்கள். வேண்டியதை மட்டும் பொறுக்கினால், நாம் சுற்றறிக்கையில் கண்ட குறையை நாமே செய்தவர்களாவோம்.

இப்போது சுற்றறிக்கையை மறுபடி படியுங்கள். "ஒரே தெரு, ஒரே நிலத்தடி நீர்" என்று செயலாளரே எழுதியிருக்கிறார். அவர் கட்டிய கட்டடம் முழுக்க அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. அந்த வரி சரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கருவி இல்லாத உங்கள் தண்ணீரும் அதே காலத்தில் பாதியாகிவிட்டது, எனவே அடுத்த பிளாக்கில் பாதியானதற்குக் கருவியைக் காரணம் சொல்ல முடியாது. சரி, அந்த வரி தவறு, இரண்டு போர்வெல்லும் வேறு வேறு நீர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அங்கே கிடைத்த பலன் இங்கே கிடைக்கும் என்று சொல்ல வழியே இல்லை. எந்தப் பக்கம் போனாலும், இந்த ஆதாரத்தை வைத்து 1,80,000 ரூபாய்க்குத் தீர்மானம் போட முடியாது. உங்கள் இரண்டு நிமிடத்தில் இதை மட்டும் சொன்னால் போதும். அவர் சொன்ன வரியை எடுத்துக்கொண்டு பேசுவதால் அவரை எதிர்ப்பதாகவும் படாது.

இது 1854-லேயே லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கையாண்ட வழி. பிராட் தெருவில் காலரா பரப்பிய தண்ணீர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய இன்னொரு கணக்கு. தென் லண்டனில் ஒரே தெருவில், ஒட்டி ஒட்டி இருந்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. ஒன்று தேம்ஸ் ஆற்றில் சாக்கடை கலக்கும் இடத்திலிருந்து எடுத்தது. மற்றொன்று 1852-ல் தன் எடுப்பிடத்தை ஆற்றின் மேல்பக்கத்துக்கு மாற்றியிருந்தது. காற்று ஒன்று, தெரு ஒன்று, ஏழை பணக்காரர் இரண்டு பக்கமும் கலந்தே இருந்தார்கள். தண்ணீர் மட்டும் வேறு. 10,000 வீடுகளுக்கு முதல் கம்பெனித் தண்ணீரில் 315 சாவு, மற்றதில் 37. தண்ணீர்தான் காரணம் என்று ஸ்னோ முன்பே சொல்லிவந்தார். அதற்கு வலுவான ஆதாரம் கிடைத்தது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான். 315 என்ற எண் மட்டும் கையில் இருந்திருந்தால் காற்று, குப்பை, வறுமை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். உங்கள் தெருவிலும் இரண்டு பிளாக் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கருவி உள்ளதன் எண்ணை மட்டும் சுற்றறிக்கை காட்டியது. இல்லாததன் எண் உங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிறது.

---

திருவல்லிக்கேணி_தமிழாசிரியை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் பேசுவது எனக்கு மணிமேகலையின் 29-ஆம் காதையை நினைவூட்டுகிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை (தர்க்கம்) கற்பிக்கும் இடம். வகுப்பில் மாணவிகள் வறண்ட பகுதி என்று தாண்டிவிடப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. ஏனென்றால் அந்தக் காதையில் கணிசமான பகுதி, வாதங்கள் எப்படிப் பிழைபடும் என்பதைத்தான் வகை வகையாகப் பிரித்துச் சொல்கிறது.

மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று). புகை தெரிகிறது என்பது ஏது (அதற்குக் காட்டும் காரணம்). அடுக்களை எடுத்துக்காட்டு. இதோடு விட்டிருந்தால் சாதாரணம். நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை என்று காட்ட வேண்டும், அதற்குத் தண்ணீரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார் அடிகள். நாம் நிறுவ விரும்புவது இல்லாத இடம் விபக்கம். ஏது அங்கே இருக்கவே கூடாது. இருந்தால் அது ஏது இல்லை, ஏதுப்போலி. உங்கள் பிளாக் இந்த வாதத்துக்கு விபக்கம். கருவி இல்லை, ஆனாலும் டிடிஎஸ் இறங்கியிருக்கிறது. இப்படி இரண்டு இடத்திலும் காணப்படும் ஏதுவை அநைகாந்திகம் என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள். முடிவு எந்தப் பக்கமும் போகலாம் என்று பொருள்.

தண்ணீரை எங்கே பிடித்தார்கள் என்று ஐயா கேட்டாரே, அதற்கும் அங்கே இடம் உண்டு. தூரத்தில் தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு உண்டு என்று முடிவு கட்டுவதைத் தனியொரு பிழையாகச் சொல்கிறார்கள். காரணத்தைப் பற்றிப் பேசும் முன் கண்ட காட்சியே உறுதிதானா என்று பார்க்கச் சொல்லும் இடம் அது. பாடத்திட்டத்தில் இந்தப் பகுதிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்க மாட்டார்களா என்று வருடா வருடம் ஏங்குகிறேன்.

---

ஆதம்பாக்கம்_பழையவர்

எல்லாம் சரி. ஆனால் இதே கணக்கில் பார்த்தால் மழைநீர் சேகரிப்பும் அடிபட்டுப் போகுமே? 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். 2005-ல் எங்கள் கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். "சேகரிப்பால்தான்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதுவும் காக்கை பனம்பழம்தானா?

---

உப்புக்கணக்கு

ஐயா, இதை நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. பிடிக்காத முடிவை மட்டும் இப்படிச் சோதித்துவிட்டுப் பிடித்ததை விட்டுவிடுவதுதான் நம்மில் பலர் செய்வது.

2003-ஐயும் 2005-ஐயும் மட்டும் பக்கத்தில் வைத்தால், ஆமாம், அது போதாது. 2003, 2004-ல் கடும் தண்ணீர்ப் பஞ்சம். 2005-ல் கொட்டித் தீர்த்த மழை. சேகரிப்புத் தொட்டி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அந்த வருடம் கிணறு ஏறியிருக்கும். எவ்வளவு ஏறியிருக்கும் என்பதுதான் கேள்வி.

ஆனால் இரண்டு வாதங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாகக் குழிக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம். 1,000 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர் விழுகிறது. அது தெருவுக்கு ஓடாமல் மண்ணுக்குள் போனால், போன கணக்கு இருக்கிறது. காந்தக் கருவியில் பத்தரைக் கிலோ உப்புக்குக் கணக்கு இல்லை. மழைநீர் சேகரிப்பு எந்த அளவுக்கு உதவுகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒரே பருவத்தில், ஒரே மாதிரி மண்ணில், குழியைத் தூர்வாரி வைத்திருக்கும் தெருவையும் அடைத்துப்போன தெருவையும் ஒப்பிட வேண்டும். பெசன்ட் நகர் மணலையும் உங்கள் ஆதம்பாக்கம் பாறையையும் ஒப்பிட்டால் மறுபடி ஏமாந்துபோவோம். மணல் தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது_மாடி அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தில் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார வேண்டாம். எது கிடைத்தால் சம்மதிப்பீர்கள் என்று சொல்லுங்கள். பிரச்சினை குழாயில் ஒட்டும் சுண்ணாம்பு என்றால், பார்க்க வேண்டியது கடினத்தன்மை (தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவு). டிடிஎஸ் அதைச் சொல்லாது. இந்திய தர நிர்ணயத்தில் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 600 வரை. டிடிஎஸ்ஸுக்கு 500, 2,000. இரண்டு பிளாக் போர்வெல் நீரையும் ஒரே நாளில், மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஒரே பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் செய்வார்கள். மே மாதம் மறுபடி ஒரு தடவை. கருவி சுண்ணாம்பை ஒட்டவிடாமல் செய்கிறது என்று சொன்னால், இரண்டு பிளாக்கிலும் ஒரு புது ஷவர் தலையை ஒரே நாளில் மாட்டி, மே மாதம் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவு சில ஆயிரம்தான்.

---

மூன்றாவது_மாடி

கூட்டம் முடிந்தது. ஏழு வீட்டு அட்டைகள் கிடைத்தன. ஆறில் எண் இறங்கியிருந்தது. ஒன்றில் ஏறியிருந்தது, அந்த வீட்டுக்காரர் ஜனவரியில் வேறு மீட்டரால் அளந்ததாகச் சொன்னார். ஏழையும் காட்டினேன். "ஒரே தெரு, ஒரே நீர்" என்ற வரியைச் செயலாளரையே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். படித்துவிட்டு அட்டைகளைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதை எனக்கு முன்னாலேயே காட்டியிருக்கலாமே அம்மா" என்றார். கோபமாக இல்லை.

தீர்மானம் மே மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு போர்வெல்லுக்கும் கடினத்தன்மைப் பரிசோதனை, ஷவர் தலைச் சோதனை இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த பிளாக் செயலாளரிடம் பேசும் பொறுப்பை எங்கள் செயலாளரே எடுத்துக்கொண்டார். முதல் மாடி மாமா மட்டும் "எட்டுப் பேர் நல்லா இருக்குன்னு சொல்றாங்களே, அவங்க பொய்யா சொல்றாங்க?" என்று விடாமல் கேட்டார். அவர்கள் சொல்வது உண்மைதான், அவர்கள் தண்ணீர் ஆகஸ்டைவிட இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, நம்முடையதும் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் சமாதானமாகவில்லை. மே மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உப்புக்கணக்கு ஐயா, தண்ணீர் பிடிக்க எந்தப் பாட்டில் நல்லது?

---

உப்புக்கணக்கு

கடினத்தன்மைக்கு ஒரு லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் போதும், புதிது. அதே போர்வெல் நீரால் இரண்டு மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். பிளாக், தேதி, நேரம், பிடித்த இடம் நான்கையும் பாட்டில் மேலேயே எழுதுங்கள், மூடியில் வேண்டாம், மூடி மாறிவிடும். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சங்கத்தில் கிருமிப் பரிசோதனையும் வேண்டும் என்றால், அதற்குக் கூடத்திலேயே தனியாகச் சுத்திகரித்த பாட்டில் தருவார்கள், அதில்தான் பிடிக்க வேண்டும்.